ருசி பார்க்கும் வேலை

நான் வேலை செய்யும் ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில், அடுப்பிலிருக்கும் சூப்பை ருசி பார்ப்பதற்கு ‘அஜிமி’ என்பார்கள். ஆறு வருடம் பாத்திரம் கழுவி, அரிசி களைந்து, வெங்காயத்தாள் நறுக்கிய பிறகு, போன டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை அந்த வேலை எனக்குக் கிடைத்தது. கடைக்காரரை நாங்கள் எல்லோரும் ‘தாய்ஷோ’ என்றுதான் கூப்பிடுவோம். தலைவர் என்று அர்த்தம். அவர் ஒரு சின்ன வெள்ளைக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார்.

“இனிமே நீ பாரு” என்றார்.

நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு “ஹாய்” என்றேன். ஆமாம், சரி, ஆகட்டும் எல்லாவற்றுக்கும் ஜப்பானிய மொழியில் அந்த ஒரு சொல்தான் எனக்கு உடனே வரும்.

இன்னும் நான்கு நாளில் நான் விரதம் தொடங்க வேண்டும். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். நாற்பத்தெட்டு நாள் மீன், இறைச்சி, முட்டை எதுவும் நாக்கில் படக் கூடாது. அந்தக் கிண்ணத்தில் இருந்தது மீன் சூப். நம் ஊர் மாசிக் கருவாடு மாதிரி காய்ந்த மீனைச் சீவிப் போட்டு எடுக்கும் சூப்தான் அந்தக் கடையில் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

அந்த நேரத்தில் விரதம் ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. அதற்குள் வாய் ஹாய் என்று சொல்லிவிட்டது.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணம் செய்துகொண்டு பினாங்குக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. படிப்பு பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன். டீச்சர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெரிந்த விடையும் மறந்துவிடும். இங்கே சுங்கை பினாங்கில் பதினோராவது மாடியில் வீடு. கணவர் லாரி ஓட்டுகிறார். மகள் கோலாலம்பூரில் வேலையாக இருக்கிறாள். அவர்கள் இரண்டு பேருக்கும் குடிமக்களுக்குத் தரும் நீல ஐசி, அடையாள அட்டை. எனக்குக் கடப்பிதழில், இந்தியப் பாஸ்போர்ட்டில், ஒட்டிய ஒரு பாஸ். அது ஒரு வருடத்துக்குக் கிடைக்கும், சில தடவை இரண்டு வருடத்துக்கு. ஒவ்வொரு தடவையும் கணவர் கூடவே வந்து, இவள் என் மனைவிதான், என்னோடுதான் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட வேண்டும். நிரந்தரமாக இருக்க சிவப்பு ஐசிக்கு எழுதிப் போட்டுப் பல வருடம் ஆயிற்று. கடிதம் வரும் வரும் என்று இருக்கிறோம்.

போன வருடம் பாஸ் புதுப்பிக்கப் போனபோது கணவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். குடிநுழைவு அலுவலகத்தில் எங்கள் எண் வருவதாகத் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த தெரிந்தவர் ஒருவரிடம் கணவர் சொன்னார்:

“என்னாண்ணே பண்றது? லாரிக்கு ரோடு டேக்ஸ், இவங்களுக்குப் பாஸ். ரெண்டுக்கும் நான்தான் லைன்ல நிக்கணும் லா.”

“லாரியாச்சும் ஓடும்” என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். முன் வரிசையில் இருந்த பெண்ணும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் கணவர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த நாற்காலியில்தான் நான் மனசுக்குள் பால்குடம் வேண்டிக்கொண்டேன். அடுத்த தடவை யாரும் கூட வந்து என்னைப் புதுப்பிக்க வேண்டியிருக்கக் கூடாது.

அந்தப் பாஸை வைத்துக்கொண்டு வேலை தேடுவதும் லேசில்லை. வேலை செய்யத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதை வாங்கிக்கொண்டு போனாலும், கடைக்காரர்கள் கடப்பிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு “அப்புறம் கூப்பிடுறோம்” என்பார்கள். இரண்டு வருடம் அப்படி அலைந்தேன். ஜார்ஜ்டவுனில் ஒரு குறுகலான சந்தில், பழைய கடைவீட்டில் இருக்கும் இந்தக் கடையில்தான் யாரும் எதுவும் கேட்காமல் ஒரு ஏப்ரனைக் கையில் கொடுத்தார்கள்.

தாய்ஷோவும் அவர் மனைவியும் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள்தான். அந்த அம்மாவை ‘ஓகாமிசான்’ என்போம். கடையின் முன்பக்கத்தை அவர்தான் பார்த்துக்கொள்வார். அவர்களுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், மலாயும் கொஞ்சம்தான். எனக்கும் அதே அளவு. அதனால் புதன்கிழமைகளில் மத்தியான வியாபாரம் முடிந்து கடையை மூடியிருக்கும் நேரத்தில் ஓகாமிசான் எனக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கட்டம் போட்ட சின்னப் பிள்ளைகள் நோட்டு ஒன்று. கட்டத்துக்கு ஒரு எழுத்து. நாற்பது வயதுக்கு மேல் பென்சிலை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதும்போது விரல் வலிக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. பஸ்ஸில் போகும்போது சோயா பாட்டிலின் லேபிளை ஞாபகப்படுத்தி எழுத்துகளை மடியில் விரலால் எழுதிப் பார்ப்பேன்.

வணக்கம், நன்றி, மன்னிக்கவும், கத்தி பின்னால் வருகிறது, சூடு, சீக்கிரம் என்று எல்லாம் கற்றுக்கொண்டேன். முடியாது என்று சொல்வதற்கு மட்டும் ஓகாமிசான் ஒன்றும் கற்றுத்தரவில்லை. ஒரு தடவை நானே கேட்டேன். அவர் வெகு நேரம் யோசித்துவிட்டு, நாங்கள் அப்படி நேராகச் சொல்வதில்லை, ‘அது கொஞ்சம்...’ என்று இழுத்துவிட்டு நிறுத்திவிடுவோம், கேட்பவர் புரிந்துகொள்வார் என்றார். எங்கள் ஊரில் ‘பாக்கலாம்’ என்று சொல்வது மாதிரி. எனக்கு அந்த இழுவைகூட வராது.

எங்கள் கடையில் பண்டிகை என்றால் எல்லோருக்கும் வேலை கூடுதல். தீபாவளியன்று மத்தியானம்வரை கடையில் இருந்துவிட்டு ஓடிவந்துதான் வீட்டில் விருந்தாளிகளுக்குச் சமைத்தேன். அன்று சாயங்காலம் தாய்ஷோவும் ஓகாமிசானும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அழகாகத் துணியில் கட்டிய ஒரு பெட்டி கொண்டுவந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி, வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்தார்கள். என் கணவருக்கு அதைப் பார்த்ததும் கையும் காலும் ஓடவில்லை. “மாசோக், மாசோக்! உள்ள வாங்க!” என்று மலாயும் தமிழும் கலந்து சத்தம் போட்டார். ஆட்டுக்கறியோடு கடிக்கப் பச்சை மிளகாய் வைத்திருந்தோம். தாய்ஷோ ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மிளகாயைக் கடித்துத் தின்றார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

“அடேங்கப்பா, ஜப்பான்காரருக்கு நாக்கு இரும்புல செஞ்சிருக்காங்க போல!” என்றார் கணவர்.

நானும் ஆச்சரியப்பட்டேன். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் தாய்ஷோ கடும் காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தார். உடம்பு நன்றாகத் தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படித்தான் டிசம்பர் வந்தது, கிண்ணம் என் கைக்கு வந்தது, நான்கு நாள் கழித்து விரதமும் வந்தது.

முதல் நாள் காலையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் ஒரு வாக்கியம் தயார் செய்தேன். ‘மீன் சாப்பிடுவதில்லை. சாமிக்கு. நாற்பத்தெட்டு நாள்.’ எனக்குத் தெரிந்த சொற்களைக் கோத்து முப்பது தடவை சொல்லிப் பார்த்தேன். கடைக்குள் நுழைந்தபோது தாய்ஷோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் சூப்பை ஊற்றி நீட்டினார். நான் வாங்கி, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு சாய்த்தேன். உதட்டில் படவில்லை. ஆவி மட்டும் மூக்கில் ஏறியது. பிறகு கிண்ணத்தைக் கழுவுவதுபோலத் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

“எப்படி?” என்றார் தாய்ஷோ.

“ஹாய்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். தான் ஒரு தடவைகூடக் குடித்துப் பார்க்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்தேன். அந்த நம்பிக்கைதான் என்னைச் சொல்ல விடவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று தினமும் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். கிண்ணம் வேறு யார் கைக்காவது போகும். ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் முதலாக ஒருவர் என்னை ஒரு வேலைக்குத் தகுதி என்று நினைத்திருக்கிறார். அதை நான்காவது நாளே திருப்பிக் கொடுப்பதா? சொல்லாமல் குடித்துவிட்டால்? அப்புறம் எதை வைத்து மலையேறுவேன்? அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் இரண்டு பேர் ஒதுங்கி நிற்க முடியாத இடம் அது. அந்த இடத்தில்தான் நாள் முழுக்க நின்றேன்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள், பாத்திரம் கழுவும் அக்கா. டத்தோ கிராமாட்டில் வீடு. கத்தோலிக்கர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாய்க்குப் பூட்டே கிடையாது.

“மீன வெட்டுற, மீன வேக வைக்கிற, அது மட்டும் பரவால்லியா ஒங்க முருகனுக்கு?” என்றார்.

“கைக்கு ஒண்ணும் இல்லக்கா. நாக்குலதான் படக் கூடாது. வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டுத்தான் வௌக்கேத்துறேன்.”

“அப்ப அந்தாளுகிட்ட சொல்லித் தொலையேன் லா. கடிச்சா துன்னுருவாரு?”

“நாளைக்குச் சொல்றேன்.”

“நீ கல்யாணத்தன்னிக்கும் மாப்பிள்ளைய புடிக்கலன்னா நாளைக்குச் சொல்றேன்னுதான் சொல்லிருப்ப.”

அக்காவையே ருசி பார்க்கச் சொன்னால் என்ன என்று தோன்றி, ஒரு நாள் யாரும் இல்லாதபோது கிண்ணத்தை அவரிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “என்னா தங்கச்சி, மழத்தண்ணி மாதிரி இருக்கு. ரெண்டு கரண்டி மொளகாத்தூள் போடு.” அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

உண்மையில் ருசி பார்க்காமலே காரியம் நடந்தது. கடற்பாசி இவ்வளவு, மீன் சீவல் இவ்வளவு, சோயாவையும் சர்க்கரையையும் சேர்த்துக் காய்ச்சி வைத்திருக்கும் கறுப்புச் சாறு ஒரு குவளை என்று எல்லாம் அளவுதான். அளவு மாறாதவரை சூப்பும் மாறாது. மணத்தை வைத்தும் கொஞ்சம் தெரியும். ஒரு வாரம் போனதும் எனக்கே ஒரு தைரியம் வந்துவிட்டது. மத்தியானத்தில் நடு முற்றத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்து தயிர் சோறு சாப்பிடுவேன். தாய்ஷோ அந்த வழியாகப் போகும்போது டப்பாவை மூடிக்கொள்வேன்.

கிறிஸ்துமஸுக்கு ஜப்பானியர்கள் பொரித்த கோழி சாப்பிடுவார்கள். இரண்டு நாள் கோழி பொரித்தோம். அக்கா வீட்டிலிருந்து எனக்கென்று ஒரு துண்டு கேக் கொண்டுவந்திருந்தார். முட்டை போட்டது. “மறந்தே போச்சு பாரேன்” என்று தலையில் அடித்துக்கொண்டு, அதை என் கண் முன்னாலேயே தின்றார். தின்றுகொண்டே, “இன்னும் சொல்லல இல்ல?” என்றார்.

டிசம்பர் முப்பத்தொன்று. விரதத்தின் பதினேழாவது நாள்.

அன்று ஜப்பானியர்கள் ஒருவகைப் பழுப்பு மீயை, அதாவது நூடுல்ஸை, சூடான சூப்பில் போட்டுச் சாப்பிட வேண்டும். வருடத்தைத் தாண்டுவதற்கான மீ என்று அதற்குப் பெயர். வருடம் முடிவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது. பழைய வருடத்தின் கெட்டது எதுவும் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது என்பதற்காக. பினாங்கில் இருக்கும் ஜப்பானியர்களில் பாதிப் பேராவது அன்று எங்கள் கடைக்கு வருவார்கள். அவர்கள் ஊரில் அப்போது பனி பெய்யுமாம். இங்கே மத்தியான வெயிலில் சட்டை நனைய வந்து உட்காருவார்கள். வாசலில் ஓகாமிசான் மூங்கிலைச் சாய்வாக வெட்டிப் பானையில் நட்டு வைத்திருந்தார். அதில் பைன் கிளை சொருக வேண்டுமாம். கிடைக்காததால் கடற்கரைச் சவுக்கு மரத்துக் கிளை.

காலையில் பெரிய பானையில் சூப் வைத்தேன். கறுப்புச் சாறு, பானைக்குத் தக்க அளவு, ஊற்றினேன். அந்த நேரம் பின் கதவைத் தட்டினார்கள். வெங்காயத்தாள் வந்திருந்தது. போய் எண்ணி வாங்கி, ஈரத்தைத் துடைத்து அடுக்கிவிட்டு வந்தேன். நான் இல்லாத அந்த நேரத்தில் தாய்ஷோ பானையைப் பார்த்துவிட்டு, இன்னும் ஊற்றவில்லை என்று நினைத்து, அதே அளவு சாற்றை இன்னொரு தடவை ஊற்றிவிட்டார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பானைக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது நிறம் கொஞ்சம் கறுத்திருந்த மாதிரி பட்டது. பானை பெரிது, அதனால்தான் என்று நினைத்தேன்.

தாய்ஷோ கிண்ணம் நீட்டினார். திரும்பினேன். சாய்த்தேன். தொட்டியில் ஊற்றினேன்.

“எப்படி?”

“ஹாய்.”

பதினொரு மணிக்குக் கடை நிரம்பியது. ஒரு கிண்ணம்கூட மிச்சத்தோடு திரும்பி வரவில்லை. அடிவரைக்கும் குடித்திருந்தார்கள். அக்கா கிண்ணங்களை வாங்கி வாங்கி அடுக்கினார். எனக்கு உள்ளே சந்தோஷம். வாரா வாரம் வரும் வயதான ஒருவர் சமையல்கட்டு வாசல்வரை வந்து, தாய்ஷோவுக்கும் எனக்கும் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். ஓகாமிசான் தண்ணீர்க் கூஜாவை நிரப்ப வந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தார். பிறகு ஐஸ் தீர்ந்துவிட்டது என்றார்.

“இன்னைக்கு என்னா, எல்லாம் ஒட்டகம் மாதிரி தண்ணி குடிக்கிதுங்க?” என்றார் அக்கா.

“வெயிலுக்கா.”

மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்தது. ஓகாமிசான் உள்ளே வந்து, காலையிலிருந்து நிற்கிறேன், நானும் ஒரு கிண்ணம் சாப்பிடுகிறேன் என்று சொல்லி, கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். நான்தான் மீயைப் போட்டுச் சூப்பை ஊற்றிக் கொடுத்தேன். கைகூப்பிவிட்டு ஒரு வாய் குடித்தார். கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

எழுந்து முன்பக்கத் திரையைக் கொஞ்சம் விலக்கிக் காலி மேசைகளையும் கூஜாக்களையும் பார்த்தார்.

“அஜிமி யார் பார்த்தது?” என்றார்.

“நான்” என்றார் தாய்ஷோ. உடனே சொன்னார்.

ஓகாமிசான் கிண்ணத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். “குடிங்க.”

அவர் குடித்தார். முகம் அசையவில்லை. ஓகாமிசானின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். “கொஞ்சம் உப்பு” என்றார்.

“கொஞ்சமா?”

அந்த அம்மா கிண்ணத்தை என் பக்கம் திருப்பினார். “நீ குடி. குடிச்சிட்டுச் சொல்லு.”

தாய்ஷோ அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். ஆறு வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கெஞ்சுகிற பார்வை. ஏன் என்று அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. நான் அந்தச் சூப்பைக் குடித்துவிட்டு, ஆமாம், இன்றைக்கு என் நாக்குதான் சரியில்லை, என் தப்பு என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடும். அவரும் தப்பிப்பார், நானும் திட்டு வாங்கிக்கொண்டு வேலையில் இருப்பேன். ஒரே ஒரு வாய். இந்த நாட்டில் என்னை யாரும் வருடா வருடம் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை என்று ஆவதற்கு நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிறும் அந்த ஒரு வாயில் போய்விடும்.

கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் ஏப்ரனுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு பெரிய மனுஷி நீட்டியதை வாங்காமல் நின்றது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் முப்பது தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் துண்டு துண்டாக வந்தது.

“மீன்... சாப்பிடுறதில்ல. சாமிக்கு. நாற்பத்தெட்டு நாள்.”

“எத்தன நாளா?”

“பதினேழு.”

“பதினேழு நாளா நீ அஜிமி பாக்கலையா?”

“ஹாய்” என்றேன்.

ஓகாமிசான் திரும்பித் தாய்ஷோவைப் பார்த்தார். “அப்போ நீங்க?”

அவர் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். காய்ச்சலுக்குப் பிறகு நாக்கில் ஒன்றும் தெரியவில்லை, உப்பும் தெரியவில்லை, இனிப்பும் தெரியவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன் என்றார். மூன்று பச்சை மிளகாயைக் கடித்துத் தின்றவர் என் கண் முன் வந்து போனார்.

அக்கா என் கையைக் கிள்ளினார். “என்னா நடக்குது? யாரு செத்தா?”

தமிழில் மெதுவாகச் சொன்னேன்.

“அப்ப... இவரு ஒன்ன நம்பிக்கிட்டு, நீ இவர நம்பிக்கிட்டு, ஒருத்தரும் சூப்பக் குடிக்கவேயில்லியா?” என்று கேட்டுவிட்டு அக்கா சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நனைந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஓகாமிசான், அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

பானையை ஓகாமிசான்தான் கவிழ்த்துக் கொட்டினார். புதிதாகச் சூப் வைத்தார், அவரே ருசி பார்த்தார். சாயங்காலம் வந்தவர்கள் இரண்டு தம்ளர் தண்ணீருக்கு மேல் கேட்கவில்லை. என்னை யாரும் திட்டவில்லை. நான் ஒரு மூலையில் நின்று வெங்காயத்தாள் நறுக்கினேன், தேவைக்கு மேலேயே நறுக்கினேன். திட்டியிருந்தால் அழுதாவது இருக்கலாம்.

புதுவருடத்துக்கு மூன்று நாள் கடை விடுமுறை. அந்த மூன்று நாளும் தாய்ஷோவும் ஓகாமிசானும் பலகாரப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, அன்று மத்தியானம் சாப்பிட்டவர்களில் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். மிச்சம் வைக்கக் கூடாது என்ற வழக்கத்துக்காக அவ்வளவு உப்பையும் குடித்து முடித்திருந்தார்கள் பாவம். வாரா வாரம் வரும் அந்த வயதானவர், இந்த வருடம் எனக்கு ஒரு கெட்டதும் ஒட்டாது, அவ்வளவு உப்பில் எதுவும் உயிரோடு இருக்காது என்று சொல்லிச் சிரித்தாராம்.

நான் அந்த மூன்று நாளும் வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இனிமேல் வர வேண்டாம் என்று ஒரு செய்தி வரும் என்று நினைத்தேன். கணவரிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, “போகச் சொன்னா போகட்டும் லா. வெரதத்த விடாத” என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

செய்தி எதுவும் வரவில்லை. கடைக்குப் போனேன். வெள்ளைக் கிண்ணம் மேல் தட்டில் இருந்தது. நான் அக்காவோடு நின்று பாத்திரம் கழுவினேன். புதன்கிழமை வழக்கம்போல ஓகாமிசான் நோட்டை எடுத்து வைத்தார். எழுதச் சொல்லவில்லை.

“ஏன் சொல்லல?” என்றார். “சொல்லியிருந்தா நான் பார்த்திருப்பேன். அவ்வளவுதானே.”

அவ்வளவுதான். அவர் சொன்னபோது எனக்கும் அவ்வளவுதான் என்று தெரிந்தது. நோட்டின் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓகாமிசான், தாய்ஷோவும் தன்னிடம் சொல்லவில்லை, அவரைக் கேட்டபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார் என்றார்.

தாய்ஷோ எதற்காக என்னிடம் கிண்ணத்தைக் கொடுத்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் நாக்கு நல்ல நாக்கு என்பதற்காக இருக்கலாம். ஆனால் அதைவிட, நான் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டேன் என்பதற்காக. எவ்வளவு நாள் அதை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்!

தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்தேன். கணவர் தண்ணீர்ப் பாட்டிலோடு கூடவே நடந்தார். கூட்டத்தில் படி தெரியவில்லை, முன்னால் போனவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. சிவப்பு ஐசி கடிதம் இதை எழுதும்வரை வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போனபோது தாய்ஷோ கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். மருத்துவர் பார்த்துவிட்டார், நாக்கு திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். ஓகாமிசான் முன்பக்கத்தை விட்டுவிட்டு அடுப்பில் நிற்க முடியாது. வெளியே தெரிந்தால் கடைக்கு யாரும் வர மாட்டார்கள், யாரிடமும் சொல்லாதே என்றார் தாய்ஷோ. இதைச் சொல்லும்போது முன்பு மாதிரி உத்தரவாகச் சொல்லவில்லை.

குடித்தேன். நாற்பத்தெட்டு நாளுக்குப் பிறகு மீன். அந்தப் புகை வாசமும், கடற்பாசியின் வழவழப்பும், கடைசியில் வரும் லேசான இனிப்பும் தனித்தனியாக நாக்கில் தெரிந்தன. தாய்ஷோ என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எப்படி?”

“உப்பு அதிகம்” என்றேன்.

ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினார். மறுபடியும் குடித்தேன். இன்னும் அரைக் கரண்டி என்றேன். ஊற்றினார். அவருக்கு அது சரியா தப்பா என்று தெரியாது. நான் சொன்னதுதான் சூப்.

சித்திரையில் என் தங்கை மகளுக்கு ஊரில் கல்யாணம். பதினைந்து நாள் லீவு கேட்க வேண்டும். கேட்பதற்கான வாக்கியத்தைப் புதன்கிழமை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. அந்தப் பதினைந்து நாளும் கிண்ணம் யார் கைக்குப் போகும் என்று நினைத்து இன்னும் கேட்கவில்லை. தினமும் காலையில் பத்து மணிக்கு அவர் கிண்ணத்தோடு எனக்காக நின்றுகொண்டிருக்கிறார். நான் வாங்கிக் குடிக்கிறேன், சரி என்கிறேன். அவர் முகம் தெளிந்து, கடையைத் திறக்கச் சொல்கிறார்.